மூர்த்தியார் பாதியில் நிறுத்திய பேச்சு

முப்பது வருடத்துக்கு மேல் அரசியல் பொதுக்கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு கூட்டத்தில்கூடக் கைதட்டியதில்லை. விசில் அடித்ததில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "என்னமாப் பேசுறாரு பாத்தீகளா" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனது சம்பளத்துக்கு. காவல் துறையில் நான் சுருக்கெழுத்தர். மேடைக்குக் கீழே ஓரமாகச் சின்ன மேசை போட்டு, சாதா உடையில் இரண்டு பேர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதில் வலது பக்கம் இருந்தவன் நான்.

மேடையில் எந்தக் கட்சி பேசினாலும் எங்களுக்கு ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி எழுதி, மறுநாள் காலையில் தட்டச்சு செய்து மேலே அனுப்ப வேண்டும். பின்னால் வழக்கு, வம்பு என்று வந்தால், 'இவர் இன்ன இடத்தில் இன்னது பேசினார்' என்று கோர்ட்டில் ஏறிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமில்லையா, அதற்குத்தான் நாங்கள்.

இப்போது அந்த மேசையில் கவிதா என்று ஓர் இளம் அதிகாரி உட்காருகிறார். செல்போனை மேசைமேல் வைத்தால் அதுவே பதிவு செய்துகொள்கிறது. எழுத்தாகவும் அதுவே மாற்றித் தருகிறதாம். ஒருநாள் என்னிடம், "சார், வெறும் பென்சில வச்சுக்கிட்டு எப்பிடி சார் எழுதுனீக? ஒரு வார்த்தை விட்டுப்போனா என்ன செய்வீக?" என்று கேட்டார். "வேர்த்துப்போகும்மா. வேற என்ன செய்ய?" என்றேன். சிரித்தார். அதிலிருந்து ஏதாவது சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போடுவார். போன வாரமும் போட்டார். அந்தச் சந்தேகத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் மூர்த்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் ஓர் அறை, ஒரு கிழட்டு மின்விசிறி. யாராவது ஒருவர் பத்திரிகைத் தலையங்கத்தை வேகமாக வாசிப்பார், நாங்கள் கோடு இழுப்போம். மெல்லிய கோட்டுக்கு ஓர் ஓசை, அழுத்திய கோட்டுக்கு வேறோர் ஓசை. மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தைத் தொட்டு இலையில் விரல் கோடு இழுக்கும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை. யாராவது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் என் ஆள்காட்டி விரல் தொடையில் தானாக ஓடும். கல்யாணமான புதிதில் என் மனைவி சரசு ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் நிறுத்தி, என் தொடையைப் பார்த்து, "நான் வையிறதையும் எழுதுறீகளா?" என்றாள். எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் ராஜமாணிக்கம். ஒல்லியான மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். கூட்டத்துக்குக் கிளம்பும் முன் பென்சில்களைத் தானே சீவி, ஒவ்வொன்றின் முனையையும் உள்ளங்கையில் குத்திப் பார்த்துத்தான் தருவார். பேனாவுக்கு இடமில்லை, தூறல் விழுந்தால் மை ஓடிவிடும். மேடைக்காரர்கள் கொடுக்கும் சோடாவைத் தொடக் கூடாது. சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. பேச்சு உருக்கமாகப் போனால் கண்ணைத் துடைக்கக் கூடாது, தூசி விழுந்தாலும் கூடாது. முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன பாடம் இவ்வளவுதான்:

"நீ காதுய்யா. காதுக்கு வாய் கிடையாது. ஞாபகம் வச்சுக்க."

அவருடைய பெரிய கண்டிப்பெல்லாம் அடைப்புக்குறி விஷயத்தில்தான். தலைவர் பேசுவது வெளியே வரும். கூட்டம் செய்வது எல்லாம் அடைப்புக்குறிக்குள் போக வேண்டும். கைதட்டல், சிரிப்பு, சலசலப்பு. நான் ஆர்வத்தில் 'பலத்த கைதட்டல்' என்று எழுதியிருந்தால் சிவப்புப் பென்சிலால் அதைச் சுழிப்பார்.

"எவனாச்சும் எந்திரிச்சு நின்னு தட்டுனானா?"

"இல்லை சார்."

"அப்ப என்னய்யா பலத்த? வெறும் கைதட்டல்."

கூட்டத்திலிருந்து குரல் வந்தால் அதற்கும் கணக்கு உண்டு. தனிக்குரலாகக் கேட்டால் 'கூட்டத்தில் ஒருவர்'. அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டால் 'கூட்டத்தில் சிலர்'. எழுந்து நின்று சத்தம் போடுகிற அளவுக்குப் போனால்தான் 'பலர்'. கத்தியவர் நமக்குத் தெரிந்த ஆளாக இருந்தாலும் பெயர் போடக் கூடாது. ஒருமுறை நான் ஒரு டீக்கடைக்காரரின் பெயரை எழுதிவிட்டேன். ராஜமாணிக்கம் சார் அதை அடித்துவிட்டுச் சொன்னார்: "மேடையில ஏறுனாத்தான்யா பேரு. கூட்டத்துல உக்காந்துட்டா அவன் கூட்டம்."

இந்த அடைப்புக்குறிக்கு வேலை வைத்தே என்னைக் கொன்றவர் மூர்த்தியார்.

முழுப்பெயர் சேவுகமூர்த்தி. தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்லாமலே இருந்து பழகிவிட்டது. தேர்தலில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். தோற்ற மறுநாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். கண்மாயில் தண்ணீர் விடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வரவில்லை, ரேஷனில் அரிசி நாறுகிறது, எதுவானாலும் ஜனங்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். ஜெயித்தவர் வீட்டு வாசலில் கார் நிற்கும், தோற்ற இவர் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள்.

அவர் பேசுகிற விதமே தனி. முழு வாக்கியம் பேசமாட்டார். பாதி சொல்லி நிறுத்திவிட்டு, வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொள்வார். மீதியைக் கூட்டம் சொல்ல வேண்டும்.

"ரோடு போட்டுட்டாகளாம். எங்கடா அந்த ரோடுன்னு போயிப் பாத்தா..."

"காணாம்!" என்று கூட்டம் கத்தும்.

"பஸ்ஸு விட்டுட்டாகளாம். ஆசையா ஏறி உக்காந்தா..."

"எறங்கித் தள்ளணும்!"

எனக்கு அவர் பேச்சு ஒரு வரி, அடைப்புக்குறி ஒரு வரி என்று பக்கம் பக்கமாகப் போகும். தட்டச்சு செய்ததைப் பார்த்துவிட்டு ராஜமாணிக்கம் சார், "இது பேச்சாய்யா, நாடகமாய்யா?" என்பார். இது போதாதென்று மூர்த்தியார் நடுவில் எங்கள் மேசையைக் குனிந்து பார்த்து, "போலீஸ் தம்பிக, எழுதிட்டீகளா? அடுத்ததுக்குப் போவமா?" என்று கேட்பார். மைதானமே சிரிக்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, '(சிரிப்பு)' என்று எழுதுவேன்.

எல்லாக் கூட்டத்தையும் ஒரே மாதிரிதான் முடிப்பார். பேசி முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்து, கும்பிட்டு, "அப்ப நான் போயிட்டு..." என்று நிறுத்துவார். கை காதுக்குப் போகும்.

"வாங்கய்யா!"

ஆண்கள், பெண்கள், கடலை விற்கிறவர், மைக் செட் போட்டவர், எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மேடையை விட்டு இறங்குவார். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டு கூட்டம் சிதறி ஓடியபோதுகூட, கடை ஓரங்களில் ஒதுங்கி நின்றவர்கள் அங்கங்கே இருந்து சொல்லும்வரை நனைந்துகொண்டே நின்றார். நான் எழுதுவேன்: '(கூட்டத்தில் பலர்: வாங்கய்யா).' எழுதும்போது அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். காதுக்கு வாய் கிடையாதே, விழுங்கிவிடுவேன்.

இனி அந்த வழக்கு.

ஒரு வருடம் நல்ல மழை. பெரிய கண்மாய் ஒன்று நிறைந்து கிடந்தது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. மதகு ஷட்டரைப் பூட்டி வைத்திருந்தார்கள். மேல் பக்கத்து வயல்காரர்களுக்கும் கீழ் பக்கத்துக்காரர்களுக்கும் தகராறு, முடிவு தெரியும்வரை திறப்பதில்லை என்று உத்தரவு. கீழ் வயல்களில் பயிர் கருகிக்கொண்டிருந்தது. மூர்த்தியார் அங்கே கூட்டம் போட்டார். நான் போயிருந்தேன். எல்லாம் பேசிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்:

"நாலு நாள் பாப்போம். கேட்டாச்சு, மனுக் குடுத்தாச்சு, கும்பிட்டாச்சு. அதுக்கப்புறமும் அவுக தொறக்கலைன்னா..."

கை காதுக்குப் போனது.

"நாம தொறப்போம்!"

நாலு நாள் வரைக்கும் யார் பொறுத்திருந்தார்கள்? மறுநாள் விடிந்ததும் ஆணும் பெண்ணுமாகப் போய்ப் பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை, தண்ணீர்தான் ஓடியது. ஆனால் அரசாங்கப் பூட்டு. ஜனங்களைத் தூண்டிவிட்டதாக மூர்த்தியார்மேல் வழக்கு. முக்கியச் சாட்சி நான்.

மேலிருந்து ஒரு போன் வந்தது. பாதி வாக்கியமும் அடைப்புக்குறியுமாக இருந்தால் வழக்கு நிற்காது, சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதினால் என்ன என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான், அதட்டவில்லை. ஆனாலும் சேர்த்து எழுதினால் அவர் உள்ளே போவார். எழுதாவிட்டால் நான் எங்கே போவேன் என்று தெரியாது. என் பெண் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

ராஜமாணிக்கம் சாரிடம் போய் நின்றேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"உன் காதுல எப்பிடி விழுந்துச்சு?"

"பாதி அவரு, பாதி அவுக சார்."

"அப்ப அப்பிடியே இருக்கட்டும். போன் பண்ணுனவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ கோர்ட்டுக்குச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டுப் போ."

கோர்ட்டில் கூண்டுக்கு வெளியே கட்சிக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மூர்த்தியாரின் வக்கீல் எழுந்தார்.

"'நாம தொறப்போம்'னு என் கட்சிக்காரர் சொன்னாரா?"

"இல்லை ஐயா."

அரசாங்க வக்கீல் விடவில்லை. "கையைக் காதில் வைத்தாரா, இல்லையா?"

"வைத்தார் ஐயா."

"அதாவது, அவர்கள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்."

"எதிர்பார்த்ததை எனக்கு எழுதத் தெரியாது ஐயா. கேட்டதைத்தான் எழுதுவேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவர் எப்போதுமே இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கே, வேறு ஓர் இடம் வாசியுங்கள் பார்ப்போம்" என்றார். நான் கையிலிருந்த பிரதியைப் புரட்டினேன். கண்ணில் பட்டது கடைசிப் பக்கம். வாசித்தேன்.

"அப்ப நான் போயிட்டு..."

அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிக்க வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் "வாங்கய்யா!" என்று போட்டார்களே ஒரு சத்தம்! ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது. டவாலி "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று குதித்தார். மாஜிஸ்திரேட் காகிதக் கட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். கட்டு கொஞ்ச நேரம் குலுங்கியது. நான் வழக்கம்போல் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

அத்தோடு வழக்கு தள்ளுபடியாகும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூர்த்தியாரின் வக்கீல் வாயெல்லாம் பல்லாக இருந்தார். கடைசியாக மூர்த்தியாரிடம், "நீங்கள் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள். வக்கீல் இல்லை என்று கையாட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

"எழுதுன தம்பி சரியாத்தான் எழுதியிருக்காரு. நான் பாதி சொன்னேன், அவுக பாதி சொன்னாக. ஆனா அவுக சொன்னது நான் சொன்னதுதான் ஐயா. அவுகளைக் கூண்டுல நிப்பாட்டிட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா?"

வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தண்டனை, அன்று கோர்ட் கலையும் வரை காவல். மூர்த்தியார் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்கு இன்னொரு வழக்கில் சாட்சி பாக்கி இருந்ததால் நானும் அதே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. அத்தனை வருடத்தில் அவர் அருகில் நான் உட்கார்ந்தது அன்றுதான். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்க பேச்சுல ஒரு குத்தம் இருக்கு" என்றார்.

பதறிப்போனேன். "என்னங்கய்யா?"

"பேச்சே இல்லையே, அதான் குத்தம். எத்தனை கூட்டத்துக்கு வந்திருக்கீக? கடலை விக்கிறவரு சொல்றாரு, எதிர்க்கட்சிக்காரன் ஒளிஞ்சு நின்னு கேக்கிறானே, அவன்கூடச் சொல்றான். நீங்க ஒரு நாளாச்சும் என்னைய 'வாங்கய்யா'ன்னு சொல்லியிருக்கீகளா?"

"வேலைங்கய்யா. சொல்லக் கூடாது."

"மனசுக்குள்ள?"

நான் சுவரையே பார்த்தேன். பிறகு, "தொண்டை வரைக்கும் வருங்கய்யா" என்றேன்.

அவர் பெஞ்சே ஆடும்படி சிரித்தார். "சரி, வேலைக்குப் பங்கம் வேணாம். ரிட்டயர் ஆன பெறகு சொல்வீகளா?"

"சொல்றேன்யா."

"வாக்கு மாறக் கூடாது. நான் காதுல கைய வச்சுக்கிட்டு நிப்பேன், ஆமா."

மாலையில் கோர்ட் கலைந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். கும்பிடவில்லை, 'போயிட்டு' என்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் படுகிற பாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகும் எத்தனையோ கூட்டங்கள். ஒவ்வொரு முறையும் கையைக் காதில் வைக்கும்போது ஒரு பார்வை எங்கள் மேசைப் பக்கம் வந்து போகும். 'இன்னும் எத்தனை வருசம்?' என்று கேட்பதுபோல் இருக்கும். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? எல்லாரும் பென்ஷனுக்காக ஓய்வை எதிர்பார்ப்பார்கள். நான் ஒரு சத்தம் போடுவதற்காக எதிர்பார்த்தேன். ராஜமாணிக்கம் சார் ஓய்வு பெற்று, ஒரு மார்கழியில் காலமாகி, அவர் நாற்காலியில் வேறு வேறு ஆட்கள் வந்து போனார்கள். கடைசியில் எனக்கும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் புதுச்சட்டை எடுத்து வைத்திருந்தேன். கூட்டம் நடக்கவில்லை. மூர்த்தியாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. முழு வாக்கியம் பேசாதவருக்குக் கடவுள் பாதி வாக்கியத்தையும் விட்டுவைக்கவில்லை. செய்தியைக் கேட்டு நான் சாப்பிடவில்லை. சரசு தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

ஒருநாள் அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார்கள். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க நடந்தது தலைகீழாக நடந்தது. கிளம்ப எழுந்து, "அப்ப நான் போயிட்டு..." என்று வாயெடுத்தேன். வரவேண்டிய மீதி வரவில்லை, திகைத்து நின்றுவிட்டேன். அவருடைய வலது கை முடங்கிப் போயிருந்தது. இடது கையை மெதுவாகத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்தார். கண் சிரித்தது. வாக்கைக் கேட்கிறார்.

எப்படிச் சொல்வது? கிளம்புகிறவன் நான், வீட்டில் இருக்கிறவர் அவர். கிளம்புகிறவன் 'வாரேன்' என்றுதான் சொல்ல முடியும், 'வாங்க' என்று சொல்ல முடியாது. "நீங்க எந்திரிச்சு வந்து மேடையில ஏறுங்கய்யா, சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு மனசே சரியில்லை.

அவர் மேடை ஏறவில்லை. இந்த வருடம் தை முடிந்ததும் போய்விட்டார்.

துக்கத்துக்குக் கிளம்பும்போது சரசு வாசல் வரை வந்தாள். "உங்க வாய் சும்மா இருக்காது. துக்க வீட்டுல போயி 'வாரேன்'னு சொல்லிப்புடாதீக. பேசாம எந்திரிச்சு வந்துருங்க" என்றாள். பொதுக்கூட்டத்தில் வாயே திறக்காத மனிதனை, வாய் சும்மா இருக்காது என்று சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும்.

தெரு முழுக்கக் கார்கள், பச்சையும் சிவப்புமாகக் கொடிகள். பந்தலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஆனால் நான் தேடியது அந்தப் பழைய முகங்களை. ரோடு காணாம் என்றவர்கள், இறங்கித் தள்ளணும் என்றவர்கள், பூட்டை உடைத்தவர்கள். அந்த மைக் செட்டுக்காரர் இல்லை, போய் வருடங்களாகிவிட்டன. கடலைக்காரர் இல்லை. கையில் கோலோடு, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு சில பேர் வந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் ஓர் ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். மூர்த்தியார் தனியாகப் போகவில்லை, பதில் சொன்னவர்களையும் ஒவ்வொருவராக முன்னாலேயே அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று தோன்றியது. அவர் வீட்டம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, சரசு சொன்னபடி பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் காரைக்குடியில் நினைவேந்தல் கூட்டம். செக்காலையில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். பெரிய மண்டபம், குளிர்சாதனம், மேடையில் சுவர் அகலத்துக்குத் திரை. ஓரமாக ஒரு மேசை, அதில் கவிதா, செல்போனோடு. என்னைப் பார்த்து எழுந்துவிட்டார். "சார், இங்குட்டு வாங்க, என் பக்கத்துல உக்காருங்க" என்றார். "இல்லம்மா, நான் அங்குட்டு உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேனே தவிர, எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து பழக்கமே இல்லையே. கடைசியில் பின்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்தேன்.

பேசியவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். முழு முழு வாக்கியங்களாகப் பேசினார்கள். என் விரல் தொடையில் ஓடிக்கொண்டிருந்தது. முடிவில் விளக்கை அணைத்து, மூர்த்தியார் கடைசியாகப் பேசிய கூட்டத்தைத் திரையில் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதே துண்டு, அதே குரல். பேசி முடித்தார், முகத்தைத் துடைத்தார், கும்பிட்டார்.

"அப்ப நான் போயிட்டு..."

கை காதுக்குப் போனது. அங்கேயே படத்தை நிறுத்திவிட்டார்கள். கையைக் காதில் வைத்தபடி சுவர் அளவுக்கு நின்றார்.

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. இளவட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாது. அவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தார்கள். செத்தவரை யார் 'போயிட்டு வாங்க' என்பார்கள்? முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரையிலிருந்த கண்கள் எங்கள் பழைய மேசை இருந்த பக்கம்தான் பார்த்தன. வேறு பக்கம் பார்த்ததாக யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கூட்டத்தை எழுதியவன் நான்.

எழுந்தேன். வழக்கமாக வந்து நிற்கும் இடத்துக்கு அந்தச் சொல் வந்தது. இந்தத் தடவை விழுங்கவில்லை.

"வாங்கய்யா!"

அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூர்த்தியார் வீட்டம்மாவும் திரும்பிப் பார்த்தார்கள். அபசகுனமாகச் சத்தம் போட்டுவிட்டானே என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்தேன். ஓரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்தார். "வாங்கய்யா!" பிறகு வாயைப் பொத்தியிருந்த அந்த அம்மா. பிறகு இன்னும் கொஞ்சம் பேர். அதற்குப் பிறகு, என்ன ஏதென்று புரியாமலே, போனைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இளவட்டங்களும் எழுந்து நின்றார்கள்.

நான் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரும் கேட்க முடியாது, ரிட்டயர் ஆனவன்.

மறுநாள் காலையில் கவிதாவிடமிருந்து போன்.

"சார், ஒரு சந்தேகம். கடைசியில எல்லாரும் சொன்னாகளே, அதுக்குப் 'பலர்'னு போடலாமா?"

"எந்திரிச்சு நின்னாகளா?"

"நின்னாக சார், நானே பாத்தேன்."

"அப்பப் போடும்மா. தாராளமாப் போடு."

கவிதா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு குரல் தனியாக் கேக்குது சார். ரெக்கார்டுல நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. யாருன்னும் எனக்குத் தெரியும். அத எப்பிடிப் போடுறது சார்?"

தொடையில் என் விரல் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்தது.

"'கூட்டத்தில் ஒருவர்'னு போடும்மா."